ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல்

படகுத்துறையில் அவரை ‘ஃபியூஸ் அண்ணன்’ என்பார்கள். இருபத்திரண்டு வருடமாகப் படகுகளுக்கு வயர் இழுக்கிறவர். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இல்லையென்றால், பெற்ற தகப்பன் படகானாலும் இணைப்புக் கொடுக்க மாட்டார். இன்வெர்ட்டரும் சார்ஜரும் மாட்டி முடித்ததும் எல்லோரிடமும் ஒரே பாட்டுத்தான்: உப்புத்தண்ணீர் ஒரு சொட்டுப் படக்கூடாது. அந்தப் பெட்டி சூடாகும், அதற்குக் காற்று வேண்டும் என்பதைச் சொல்ல மாட்டார். அது சொல்லாமலே தெரியும் என்று அவருக்கு நினைப்பு.

தங்கை வீட்டுப் படகுக்கும் அவர்தான் மாட்டினார். மறுநாள் தங்கை போன் செய்தாள். சாரல் அடிக்கிறது, சாப்பாட்டு மேசையின் நீல விரிப்பால் இன்வெர்ட்டரை இறுகச் சுற்றிக் கட்டிவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னாள். இவர் வேறொரு படகின் அடித்தட்டில் குப்புறப் படுத்து வேலையில் இருந்தார். பாதிதான் காதில் விழுந்தது. “நல்லதும்மா” என்று வைத்துவிட்டார்.

நான்காம் நாள் படகு எரிந்தது. கேபினில் தூங்கிய தங்கையின் கணவர் எழுந்திருக்கவே இல்லை.

கரைக்கு இழுத்து வந்த படகை அவர் போய்ப் பார்த்தார். ஃபியூஸ் போகவில்லை. வயரில் குறையில்லை. இன்வெர்ட்டரின் விசிறி வாயில் நீலப் பிளாஸ்டிக் உருகி அடைத்திருந்தது. அழுகை வரும் என்று நின்று பார்த்தார். வரவில்லை. கையும் காலும் வேறு யாருடையவையோ போல இருந்தன.

அங்கிருந்து, தான் வயர் இழுத்த படகுகளுக்கெல்லாம் போனார். மூன்றில் பெட்டியைக் கோணி போட்டு மூடியிருந்தார்கள், ஒன்றில் மழைக்கோட்டு. அண்ணன் பேச்சைத் தட்டாத நல்ல பிள்ளைகள். அவிழ்த்துப் போட்டுவிட்டு, சுற்றிலும் ஒரு கை அகலம் காற்று விடச் சொன்னார்.

பத்தாம் நாள் தங்கை வீட்டுக்குப் போனார். நீ சொன்னதற்கு நான் ‘நல்லது’ என்றேன், தப்பு என்னுடையது என்று சொல்லத்தான் போனார். அவள் முந்திக்கொண்டாள்.

“அண்ணா, நான் சுத்தின விரிப்பாலயா?”

தன் பங்கைச் சொன்னால் அவள் பங்கும் கூடவே வந்துவிடும்.

“இல்லம்மா. நான் போட்ட வயர் ரொம்ப மெலிசு. என் வேலைதான் தப்பு.”

“உன்ன நம்பித்தானே அவர அங்க படுக்க விட்டேன்” என்றாள். “இனிமே இந்த வாசப்படி மிதிக்காத.”

தலையாட்டிவிட்டு இறங்கினார். இந்தச் செய்தி துறைக்குப் போக இரண்டு நாள் போதும், அப்புறம் ஒரு படகுக்காரனும் கூப்பிட மாட்டான் என்று தோன்றியது. தோன்றியதே தவிர, வலிக்கவில்லை.

சாயங்காலம் தங்கை மகள் போன் செய்தாள்.

“அம்மா இன்னிக்குத்தான் வயிறார சாப்பிட்டாங்க மாமா. உங்களத் திட்டிக்கிட்டே சாப்பிட்டாங்க.”

“திட்டட்டும்மா” என்றார். “சாப்பிடட்டும்.”