இருபத்தாறு கும்பிடுகள்

திண்டிவனம் பேருந்து நிலைய வாசலில் பந்தல் உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் நிற்கிறது. ‘மருத்துவமனையிலிருந்து நலம்பெற்றுத் திரும்பும் அண்ணன் முருகேசனே, வருக!’ அதில் இருபத்தாறு சொந்தக்காரர்கள் கும்பிடுகிறார்கள். பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடியில்.

அதன் நிழலில், காலில் மாவுக்கட்டோடு ஒருவர் ஊன்றுகோலில் சாய்ந்து நிற்கிறார். "நான்தாங்க அந்த முருகேசன்" என்கிறார். அவர் கையிலிருந்த பையை நான் வாங்கிக்கொள்கிறேன்.

"கூட்டிட்டுப் போக யாரும் வரலீங்களா?"

"வர்றதாதாங்க இருந்தாங்க. பெரிய மச்சான் போட்டோவைச் சின்னதா போட்டுட்டாங்களாம். கோவிச்சிக்கினு விழுப்புரம் போயிட்டாரு. அவரை சமாதானம் பண்ண அத்தினி பேரும் வேன் புடிச்சிப் போயிருக்காங்க, எங்க வீட்டுக்காரியும்தான்."

பார்க்கிறேன். ஃப்ளெக்ஸ் அடித்த கடையின் பெயருக்கு மேலே, தபால்தலை அளவில் ஒரு மீசை.

அவருடைய போன் அடிக்கிறது. மனைவியின் குரல் எனக்கே கேட்கிறது.

"ஜல்தியா பஸ் ஏறி வாங்க. நீங்க வந்து மன்னிப்பு கேட்டாதான் அண்ணன் சாப்புடுவாராம்!"

"டாக்டரு நடக்கவே கூடாதுன்னு சொல்லிக்கிறாருடி."

"யாரு நடக்கச் சொன்னது? பஸ்ல உக்காந்துகினுதானே வரப்போறீங்க?"

விழுப்புரம் பஸ் வருகிறது. நானும் கண்டக்டரும் அவரைத் தூக்கி ஏற்றுகிறோம். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்ததும்தான் அவருக்கு ஃப்ளெக்ஸ் முழுதாகத் தெரிகிறது.

"ஏங்க, அதுல நான் எங்க இருக்கேன்?"

இரண்டு முறை தேடுகிறேன். இருபத்தாறு பேரிலும் அவர் இல்லை. பஸ் கிளம்பிவிடுகிறது.