மைராமு கேட்ட ஊசி

மைராமுவை எங்கள் தெருவில் 'பெஞ்சில் சத்தமில்லாமல் பெற்றவள்' என்பார்கள். பாராட்டாகத்தான் சொன்னார்கள். அடமாவா மேட்டுநிலத்தில் எங்கள் புல்பே இனத்துப் பெண் ஒருத்தி பிரசவத்தில் வாய்விட்டுக் கத்தினால், அந்த வெட்கம் அவளோடு நிற்பதில்லை. அவளைப் பெற்றவளையும் சேரும்.

முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவளை அவள் அப்பாவோடு பிறந்த ஹப்சு அத்தை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். ஓடில் என்ற மருத்துவச்சி தெற்கத்திக்காரி, எங்கள் வழக்கம் அறியாதவள். தாழ்வாரத்தில் அலறியவர்களை முதலில் உள்ளே கூட்டிச் சென்றாள். மைராமுவின் அமைதியான முகத்தைப் பார்த்து, "உனக்கு இன்னும் நேரம் இருக்கும்மா" என்றாள். அத்தை மறுக்கவில்லை, பெருமையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தை அந்தப் பெஞ்சிலேயே பிறந்தது. கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. அது மூச்சுவிடவில்லை.

மைராமு சந்தையில் தயிர் விற்பவள். வாங்க வருகிறவர்கள் அந்தப் பிரசவத்தைப் புகழ ஆரம்பித்தால், பேச்சை முடிப்பதற்காக ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுவாள்.

மறுபடியும் கர்ப்பமானபோது ஆஸ்பத்திரியில் முதுகில் போடும் ஊசி வந்திருந்தது. ஓடில் அதை விளக்கினாள்.

"இடுப்புக்குக் கீழ மரத்துப்போகும். கால் கனக்கும், சில பேருக்குப் பின்னால தலைவலி வரும். வேண்டாம்னா தொடையில போடற ஊசி இருக்கு, வலி கொஞ்சம் மழுங்கும், தூக்கமா வரும். அதுவும் வேண்டாம்னா வெந்நீர் ஒத்தடம் கொடுக்கறேன், முதுகு தேய்ச்சுவிடறேன். எதுவானாலும் நீ வாயத் திறந்து கேக்கணும். உன் மூஞ்சியப் பார்த்து எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு தடவை தெரியாமப் போச்சு."

வீட்டில் அத்தை கொதித்தாள். "மரத்துப்போய்க் கிடந்துட்டு கத்தலேன்னு சொன்னா பெருமையா? செத்த மாடுகூடத்தான் கத்தாது."

"எனக்குப் பெருமை வேண்டாம் அத்தை. பிள்ளை வேணும்."

"ஊசியாடி பிள்ளையக் குடுக்குது?"

கேள்வி நியாயமானது. ஊசி வலியை எடுக்கும், அவ்வளவுதான். ஆனால் அதைக் கேட்க வேண்டுமானால் வலிக்கிறது என்று சொல்லியாக வேண்டும்; சொன்னால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். வலியை மைராமு அறிவாள். அந்தச் சொல்லை மட்டும் வாழ்நாளில் ஒருமுறையும் சொன்னதில்லை.

மழை பெய்த ஒரு காலையில் அதே தாழ்வாரம், அதே பெஞ்சு, பக்கத்தில் அதே அத்தை. ஓடில் கடந்துபோனாள். மைராமு வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. ஓடில் திரும்பி வந்தபோது, "வலிக்குது" என்றாள். அது அத்தைக்கு மட்டும் கேட்டது.

"மைராமு!" அத்தை அவள் மணிக்கட்டை இறுக்கினாள். "எல்லாரும் பாக்கறாங்கடி."

அவள் கையை உருவிக்கொண்டாள்.

"ஓடில்! எனக்கு வலிக்குது! முதுகுல போடற ஊசி வேணும்!"

தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. ஓடில் ஓடிவந்து வயிற்றில் கை வைத்தாள். "எழுந்திரும்மா, உள்ள வா. நல்லவேளை இப்பவே சொன்னே."

ஊசி போட்டார்கள். ஓடில் பக்கத்திலேயே இருந்து குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மைராமுவிடமிருந்து அதன்பின் முனகல்கூட இல்லை. பெண் குழந்தை பிறந்தது, பிறந்ததும் வீறிட்டது.

ஏழாம் நாள் பெயர் சூட்ட வந்த பெண்களிடம் அத்தை, "இந்தத் தடவையும் உள்ளேயிருந்து ஒரு சத்தமில்ல" என்றாள். அது உண்மைதான். பெண்கள் தலையாட்டினார்கள். பேசாமல் இருந்திருந்தால் மைராமுவின் பழைய பெயர் அப்படியே நிலைத்திருக்கும்.

"ஊசி போட்டுக்கிட்டேன்" என்றாள் அவள், குழந்தைக்குப் பால் கொடுத்தபடி. "வலிக்குதுன்னு கத்திக் கேட்டு வாங்கினேன்."

ஒருத்தி தயிர்க்கிண்ணத்தைக் கீழே வைத்தாள். இதைத் துணிச்சல் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அந்தப் பாராட்டை அவளால் இனியும் சுமக்க முடியவில்லை, அவ்வளவே.

நிறைமாதமாக இருந்த பக்கத்து வீட்டு மருமகள் சாலி மெல்லக் கேட்டாள்: "அக்கா, யார்கிட்ட கேக்கணும்?"

மைராமு வாயெடுப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள். முகம் இன்னும் கடுகடுவென்றுதான் இருந்தது.

"ஓடில்கிட்ட. எடுத்த எடுப்பிலேயே சத்தமாச் சொல்லு. இவ மாதிரி மூணாவது தடவை வாயத் திறக்கற வரைக்கும் வச்சுக்காதே."