ஆறாம் வேலைநாள்

எங்கள் வீட்டில் ஐந்து பேர்; பள்ளிக்கூடம் போகிறவர் ஒருவரும் இல்லை. வீடு பாலக்காட்டு ஜில்லாவின் கிழக்கு ஓரத்தில்; மகன் தினமும் கேரள எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் ஓர் ஆலைக்கு வேலைக்குப் போகிறான். மருமகள் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே பாடம் சொல்கிறாள். பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது, சின்னவளுக்கு எட்டு. ஐந்தாவது ஆள் நான். நீர்ப்பாசன அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது வேலை ஒன்றும் இல்லாததால் கண்ணில் படுவதையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பாடம் என்றால் மேசை நாற்காலி போட்டு நடப்பது என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு நாள் பூகோளப் பாடத்துக்காக மாநில எல்லையிலுள்ள கோபாலபுரம் செக்போஸ்ட் அருகே வேப்பமரத்தடியில் முற்பகல் முழுவதும் நின்றோம். எந்தெந்த மாநிலத்து லாரிகள் வருகின்றன என்று எண் பலகையைப் பார்த்துக் குறிக்க வேண்டும். குடை, தண்ணீர், நொறுக்குத் தீனி எல்லாம் என் தோளில். ஒன்பது மாநிலங்கள் ஆனபோது ஒரு போலீஸ்காரர் வந்தார்.

“ஏனுங்க, பிள்ளைகளுக்கு ஸ்கூல் இல்லீங்களா?”

“இதுதானுங்க ஸ்கூலு” என்றாள் மருமகள்.

அவர் லாரிகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “அப்ப ஹெட்மாஸ்டர் நானுங்களா?” என்றார்.

இப்படி ஐந்து வருடங்கள். வாய்க்கால் மதகில் தண்ணீர் அளப்பது, சந்தையில் தராசு பார்ப்பது, ஆடு குட்டி போடுவதற்காகப் பக்கத்துத் தோட்டத்தில் காத்துக் கிடப்பது. பிள்ளைகளுக்கு அலுப்பே இல்லை. அலுத்துப்போனது மருமகளுக்குத்தான். இந்தக் கோடையில் பாடம் வாசித்துக் காட்டும்போதே கண் சொக்கிவிடுவாள். சின்னவள் தோளைத் தட்டி, “அம்மா, நாலாவது வரி” என்று எடுத்துக் கொடுப்பாள்.

ஒரு சாயங்காலம் சோறு வடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். “மாமா, பெரியவ ஸ்கூலுக்குப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லீட்டாப் போதுமுங்க. சின்னவளை எப்படியோ பாத்துக்குவனுங்க.”

“நீயே சொல்லிப்போடு அம்மிணி.”

“நான் எப்படீங்க சொல்றது? அவங்கவங்க விஷயத்தை அவங்கவங்களே முடிவு பண்ணோணும், பெரியவங்க தள்ளப்படாதுன்னு சட்டம் போட்டதே நானுங்களே.”

பக்கத்து ஊர்த் தமிழ்ப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை ஜூன் தொடக்கத்தில் வீட்டுக்கே வந்தார். ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை குறைகிறது என்றார். “பள்ளிக்கூடம் தொறந்து ஆறாம் வேலைநாளுக்குள்ள கூட்டியாந்திருங்க. அன்னைக்குத்தான் தலை எண்ணுவோமுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் கடைசி நாள் என்று எடுத்துக்கொண்டோம். திங்கட்கிழமை. பெரியவளைக் கேட்டதற்கு, “மலைக்குப் போயிட்டு வந்து சொல்றேன்” என்றாள்.

வருடா வருடம் ஊரே பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது மலைக்குப் போவது எங்கள் வழக்கம். கூட்டம் இராது. மகனுக்கு அதில் ஒரு பெருமை. வெள்ளிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புவதாக ஏற்பாடு. உடுமலை, மறையூர் வழியாகச் சின்னக்கானலுக்குக் காரில் கிளம்பினோம். சின்னாறு தாண்டியதும் மழை பிடித்தது. வளைவுகளை முப்பத்தொன்று வரை எண்ணினேன். சின்னவள் என் மடியில் வாந்தி எடுத்ததில் கணக்கு விட்டுப்போயிற்று.

நாங்கள் பிடித்திருந்தது எஸ்டேட் ஓரத்தில் தகரக் கூரை போட்ட இரண்டு அறைகள். அதைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் குடையோடு ஓடி வந்தார்.

“இந்த மழையில பச்சப்புள்ளைகளக் கூட்டிட்டு வந்திருக்கீகளே! கலெக்டர் லீவு விட்டுருக்காருன்னு டிவியில சொன்னாகளே, பாக்கலையா?”

“லீவா? எதுக்குங்க?” என்றான் மகன்.

“ஸ்கூலுக்குத்தேன். ரெட் அலர்ட்டுல்ல!”

கேரளத்தில் பள்ளிக்குப் போகும் பிள்ளை உள்ள வீட்டில் இது நடந்திருக்காது. மழைக்காலத்தில் சாயங்காலமானால் நாளைக்குக் கலெக்டர் லீவு விடுகிறாரா என்று கைபேசியும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். எந்த ஜில்லாவில் எத்தனை மழை என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் அதைப் பார்க்க யாருக்கும் அவசியமே வந்ததில்லை.

சனிக்கிழமை வெளியே கால் வைக்க முடியவில்லை. அப்போதும் மருமகள் சும்மா இருக்கவில்லை. முற்றத்தில் ஒரு டப்பாவை வைத்து மழையை அளக்கச் சொன்னாள். தேயிலைக் கொழுந்துக்கும் முற்றின இலைக்கும் வித்தியாசம் காட்டினாள். ஈரத்துணிகளைக் கணப்பின் மேல் காயவைத்துக்கொண்டே மலையாள எழுத்துகளை ஒப்பிக்க வைத்தாள். எனக்குப் பார்க்கவே அலுப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், கீழே ஒரு வளைவில் மண் சரிந்து பாதை அடைபட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. எப்போது திறப்பார்கள் என்று அந்த அம்மாளை ஏழு தடவையாவது கேட்டிருப்பேன். “ஐயா, நானா மண்ணு அள்ளுதேன்?” என்றார் கடைசியில்.

அன்று சாயங்காலம், நாங்கள் இருந்த இடுக்கி ஜில்லாவுக்குத் திங்கட்கிழமையும் லீவு என்று அறிவித்தார்கள். அந்த அம்மாளின் இரண்டு பெண்களும் போட்ட கூச்சலில் தகரம் அதிர்ந்தது. ஒருத்தி மழையில் இறங்கி ஆடினாள். எங்கள் பிள்ளைகள் வாசலில் நின்று, வேற்று ஊர்த் திருவிழாவைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

“லீவுன்னா இத்தன சந்தோசமா, அப்பாரு?” என்று என்னைக் கேட்டாள் பெரியவள்.

“நாளைக்கு ஒண்ணும் செய்ய வேண்டாமில்ல.”

பிறகு உள்ளே, துணி பிழிந்துகொண்டிருந்த அம்மாவிடம் போனாள்.

“நமக்கு யாரும்மா லீவு விடுவாங்க?”

“நமக்குத்தான் தினமும் லீவாச்சே கண்ணு.”

“எங்களுக்கில்ல. உனக்கு.”

மருமகள் பிழிந்த பாவாடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் அவள் பாதத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

“எனக்கு யாரும் விட மாட்டாங்க” என்றாள். பிறகு, யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டதுபோல் வேகமாகச் சொன்னாள். “நீ ஸ்கூலுக்குப் போனாப் பாதி லீவு கெடைக்கும். எனக்கு முடியல கண்ணு.”

மகன் தலையைக் குனிந்துகொண்டான். பெரியவளின் முகம் சிவந்துவிட்டது.

“இதை ஊட்டுலயே சொல்லியிருக்கலாமில்ல? இத்தன வளைவு சுத்தி வந்துதான் சொல்லோணுமா?”

“அப்புறம் அது நீ எடுத்த முடிவா இருக்காதே.”

“இப்ப மட்டும்?” என்றவள் மூக்கை உறிஞ்சினாள். “சரி, போறேன். புடிக்கலீன்னாத் திரும்பி வந்துருவேன். அப்ப மூஞ்சியத் தூக்கி வெக்கப்படாது.”

“வெக்கமாட்டேன்.”

முடிவு வந்துவிட்டது, போய்ச் சேர வழியில்லை. இடுக்கிக்கு லீவு, பாலக்காட்டுக்கு இல்லை. எங்கள் கிழக்குப் பக்கத்தில் தூறல்கூட விழுந்திருக்காது. நாளைக்கு அங்கே ஆறாம் வேலைநாள் தவறாமல் நடக்கும். பாதை திறந்தால் உடனே புறப்பட வேண்டும் என்று மருமகள் திங்கட்கிழமை விடியும் முன்பே எழுந்து நான்கு பைகளையும் கட்டி வைத்தாள். பாதை திறக்கவில்லை.

தண்ணீர்த் தொட்டியருகே நின்றால்தான் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும். குடை பிடித்துக்கொண்டு தலைமையாசிரியையை அழைத்தேன்.

“டீச்சர், மலையில மாட்டிக்கிட்டமுங்க. பிள்ளை வர்றேன்னு சொல்லீட்டா. ஆனா இன்னைக்குக் கூட்டியார முடியாதுங்க. இடம் போயிருமுங்களா?”

“இடம் எங்கீங்க போகுது?”

“ஆறாம் நாளு கடைசின்னு…”

“அது எங்களுக்குங்க ஐயா. இன்னைக்கு எண்ற தலையை வெச்சுத்தான் எத்தன டீச்சர்னு முடிவு பண்ணுவாங்க. பிள்ளை எப்ப வேணும்னாலும் வந்து சேரலாமுங்க. ஸ்கூலுக்குப் புள்ளைய விடுற எல்லாருக்கும் இது தெரியுமுங்களே!”

“அப்ப உங்களுக்கு ஒரு தலை குறையுமுங்களே?”

“குறையுமுங்க” என்றார். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. வைத்துவிட்டார்.

அறைக்குத் திரும்பி மருமகளிடம் சொன்னேன். கட்டிய பைகளுக்கு நடுவே கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

“அப்ப இன்னைக்கு எங்கீயும் ஓட வேண்டாமுங்களா மாமா?”

“வேண்டாம்.”

“அவ நாளைக்குக்கூடச் சேரலாமுங்களா?”

“நாளான்னைக்கும் சேரலாம்.”

சரிங்க என்று சொன்னாளோ இல்லையோ, அப்படியே சாய்ந்துவிட்டாள். ஒரு பை அவள் முதுகில் இடித்துக்கொண்டிருந்தது. எடுத்தால் விழித்துவிடுவாள் என்று விட்டுவிட்டேன். மகன் டீ கொண்டு வந்தான், கையைக் காட்டித் திருப்பி அனுப்பினேன். பகல் சாப்பாட்டு வேளை கடந்தது. தகரத்தின்மேல் மழை அத்தனை சத்தத்தோடு விழுந்தும் அவள் புரளக்கூட இல்லை.

அப்போது சின்னவள் நனைந்துகொண்டு ஓடி வந்தாள். கணுக்காலில் ஓர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பயமில்லை, கேள்விதான் இருந்தது.

“அம்மா, அட்டைக்கு எத்தன வாயி?”

அவளை வாசலுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போய், உப்புப் போட்டு அட்டையை உதிர்த்தேன். கேள்வியை மறுபடியும் கேட்டாள்.

“அப்புறம் பாக்கலாம்” என்றேன்.

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். “அப்புறம்னா எப்ப அப்பாரு?”

“தெரியல கண்ணு” என்று சொல்லி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.