ஈரத்துண்டில் வந்த சோடா

என் மேசை இழுப்பறையில் ஒரு மரக்கட்டை இருக்கிறது. கோலிச் சோடாவின் குண்டை அழுத்தி உள்ளே இறக்கும், கைக்குள் அடங்கும் சிறு கட்டை. அதைத் தொடும்போதெல்லாம், எழுமலை என்ற ஊருக்கு அருகே நான் தற்காலிக அறிவியல் ஆசிரியையாகப் பணியாற்றிய பள்ளியும், அங்கே நாங்கள் எல்லாரும் அண்ணே என்றழைத்த கடைநிலை ஊழியரும் கண்முன் வருகின்றனர்.

எழுபதுகளின் இறுதி அது. பள்ளி ஆய்வாளர் என் வகுப்பைப் பார்த்து எழுதும் குறிப்பைப் பொறுத்தே என் வேலை நிலைக்கும் என்றிருந்தது. உலர்ந்த திராட்சையைச் சோடாவில் இட்டால் மூழ்கும்; அதன் சுருக்கங்களில் வளிக்குமிழ்கள் ஒட்டி மேலே தூக்கும்; மேலே அவை உடைந்ததும் மீண்டும் மூழ்கும். இதைக் காட்டுவதே என் திட்டம். அண்ணன் காலையிலேயே ஊருக்குள் சென்று ஒரு சோடா வாங்கி வைத்திருந்தார்.

வகுப்புக்குச் சற்று முன் அலுவலக அறைக்குள் நுழைந்தேன். ஆய்வாளர் தலையை அண்ணாந்து, உதடு படாமல், என் பாடத்தைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு அறிவிருக்கா அண்ணே?" என்றேன் வெளியே வந்து. என்னைவிட இருபது வயது மூத்தவர்.

"வெயில்ல வந்தவுக டீச்சர். சும்மா உக்கார வைக்கவா முடியும்?" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் மிதிவண்டியை எடுத்தார். "பேசிக்கிட்டே இருங்க. இந்தா வாரேன்."

போக வர நான்கு மைல். நான் வகுப்பில் ஆய்வாளர் முன் கரும்பலகையில் குமிழ்களை வரைந்து வரைந்து அழித்துக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் வந்து நின்றபோது சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. தோள்துண்டோ நீர் சொட்டச் சொட்டச் சோடாவைச் சுற்றியிருந்தது.

"ஈரத்துண்டு எதற்கு?" என்று கேட்டார் ஆய்வாளர்.

"சூடேறுனா காத்து ஓடிரும்ங்கய்யா. கெணத்துல நனைச்சுச் சுத்திட்டேன்."

நான் சொல்ல மறந்திருந்த பாதிப் பாடம் அது.

அண்ணன் நீட்டிய இந்தக் கட்டையால் குண்டை இறக்கிக் கண்ணாடிக் குவளையில் ஊற்றினேன். திராட்சைகள் அடியிலேயே கிடந்தன. பிறகு ஒன்று மெல்ல அசைந்து எழுந்தது. மேலே வந்து புரண்டு, இறங்கிற்று.

"எந்திரிச்சிருச்சு டீச்சர்" என்றார் அண்ணன், பிள்ளைகளுக்கு முன்னதாக.

ஆய்வாளர் நல்ல குறிப்பே எழுதிச் சென்றார். மீதிச் சோடாவை அண்ணனிடம் நீட்டினேன். குடித்து, திராட்சையையும் மென்று விழுங்கிவிட்டு, "நாம பாஸா டீச்சர்?" என்றார். அறிவிருக்கா என்று கேட்ட நாவால் மன்னிப்புக் கேட்க முடியவில்லை. தலையை மட்டும் அசைத்தேன். பின்னரும் கேட்கவில்லை.

இன்று சோடா திருகுமூடியோடு வருகிறது. இந்தக் கட்டைக்கு வேலையில்லை. அன்று மாலை காலிப் புட்டிகளைக் கடையில் கொடுக்கப் போன அண்ணன், இதை வகுப்பு மேசைமேல் மறந்துவிட்டார். மறுநாள் அறை அறையாகத் தேடினார்.

"கட்டையப் பாத்தீகளா டீச்சர்?"

என் பைக்குள்தான் இருந்தது. பார்க்கவில்லை என்றேன்.