ஆவணி வரட்டும் என்றார்

சதுரங்கப்பட்டினத்தில் கடல் சத்தம் கேட்கிற தூரத்தில் ஒரு மனை. அதை வாங்க என் மனைவி ஒப்பந்தம் போட்டிருந்தாள். அணு ஆராய்ச்சி வேலையில் இருந்தவரை கடலோரக் குடியிருப்பில் வாழ்ந்தவள். ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்து செங்கல்பட்டில் வாடகைக்கு வந்தோம். இங்கே மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துத்தான் தூங்குகிறாள். காற்றுக்காக அல்ல, சத்தத்துக்காக.

ஒப்பந்தத்தின் கெடு ஆடியில் முடிந்தது. மனைக்காரர் விவசாயக் குடும்பம், இப்போது வேன் ஓட்டுகிறார். "ஆடில இன்னாத்துக்கும்மா ரிஜிஸ்டரு? ஆவணி பொறக்கட்டும், நானே வந்து கையெழுத்து போட்றேன்" என்றார். எங்களுக்கும் அதுவே சரியாகப் பட்டது. கெடுவை நீட்டியதாக ஒப்பந்தத்தின் பின்பக்கம் இரண்டு வரி எழுதி வாங்கியிருக்க வேண்டும். அவர் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கேட்கக் கூச்சமாக இருந்தது. ஆவணியில் அவர் மகன் போன் செய்து, கெடு முடிந்ததால் ஒப்பந்தம் செல்லாது என்றார். அதற்குள் அந்தப் பக்கம் மனை விலை ஏறியிருந்தது.

செங்கல்பட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தோம்.

நெதர்லாந்தில் வேலை பார்க்கும் மைத்துனனுக்கும் இப்படி ஒன்று நடந்தது. வீடு விற்க ஒப்புக்கொண்டவர் பின்வாங்கினார். சில மாதங்களில் தீர்ப்பு வந்தது. விற்பவர் கையெழுத்துக்குப் பதில் அந்தத் தீர்ப்பே போதுமாம். வீடியோ அழைப்பில் அந்த வீட்டு ஜன்னலைத் திறந்து, கீழே ஓடும் கால்வாயைக் காட்டினான். அழைப்பு முடிந்த பிறகும் மனைவி போனைக் கையில் வைத்திருந்தாள்.

பத்திரிகையில் நீதிமன்றச் செய்திகளைத் திருத்திய பழக்கத்தில் இரண்டு நாட்டுச் சட்டத்தையும் படித்துப் பார்த்தேன். முடிவில் பெரிய வித்தியாசமில்லை. இங்கும் விற்பவர் மறுத்தால் அவருக்காக நீதிமன்றமே பத்திரம் எழுதித் தரலாம். வித்தியாசம் வாய்தாவில் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. வாங்குகிறவர் தான் எப்போதும் தயாராகவும் விருப்பமாகவும் இருந்ததை இங்கே காட்டியாக வேண்டும். மைத்துனனிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. தயாராக இருந்ததற்கு வங்கிக் கணக்கைக் கொடுத்தோம். விருப்பத்துக்கு மனைவியே கூண்டில் ஏறினாள்.

"ஆடியில பதிவு பண்ணக்கூடாதுன்னு சட்டம் இருக்காம்மா?" என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்.

"இல்ல."

"வாங்கற எண்ணம் இருந்திருந்தா போயிருப்பீங்கல்ல?"

"எண்ணம் இருந்ததாலதான் நல்ல மாசத்துக்குக் காத்திருந்தேன்."

நீதிபதி அதைத் தட்டச்சருக்கு ஆங்கிலத்தில் சொன்னார். சாட்சி ஆவணி வரை காத்திருந்தார் என்று பதிவானது. எண்ணம் அதில் இல்லை. வழக்கு அடுத்த வாய்தாவுக்குப் போனது.

வெளியே வேப்பமரத்தடியில் மனைக்காரர் நின்றிருந்தார். "பையன் புடிவாதமா கீறான், நான் இன்னாம்மா பண்ண? மனை கேட்டோட சாவி வூட்ல கீது. வாங்கி, தொறந்து, கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போங்க."

"சாவி வேணாண்ணா. ஆவணின்னு நீங்கதான் சொன்னீங்க. அத உள்ள வந்து சொல்லுங்க, போதும்."

அவர் செருப்பைப் பார்த்தார். "அத மட்டும் கேக்காதம்மா."

அன்று நாங்கள் நேரே வீட்டுக்குப் போகவில்லை. திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினோம். மனையைச் சுற்றிய கம்பி வேலிக்கு வெளியே நின்றோம். உள்ளே முள்செடி இடுப்பளவு வளர்ந்திருந்தது.

"இங்க சமையக்கட்டு வந்தா கடல் கேக்குமா?" என்றாள்.

கேட்கும் என்றேன்.