கறுப்பு உறைக்குள் மஞ்சள் மருந்து

கணைய அழற்சிக்கான புது மருந்தைச் சோதித்த அந்த மருத்துவமனையில், எந்த நோயாளிக்கு மருந்து போகிறது, யாருக்கு வெறும் உப்புநீர் போகிறது என்பது ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் மருந்து கலப்பவள். டாக்டர்களுக்கும் தெரியக் கூடாது என்பது ஆய்வின் விதி. மருந்து மஞ்சளாக இருப்பதால் எல்லா டிரிப்ஸ் பைகளுக்கும் கறுப்பு உறை மாட்டி, எண் ஒட்டி அனுப்புவாள். பதினாறு வருட வேலையில் ஒரு எண் மாறியதில்லை. யார் வாயைக் கிளறினாலும் பேச மாட்டாள்.

அவளுடைய தம்பி நேர்மாறு. கார்களுக்கு டிங்கர் வேலை பார்ப்பவன். சுத்தியல் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தியே குரல் பெருத்தவன். பித்தப்பைக் கல் இறங்கிக் கணையத்தின் வாயை அடைத்துக்கொள்ள, வயிற்றைப் பிடித்துச் சுருண்டவனை அங்கேதான் கொண்டுவந்தார்கள்.

பெரிய டாக்டர் விளக்கினார். "கணையம் தன்னையே செரிச்சுக்குது. அப்ப உண்டாகிற ஆக்சிஜன் கழிவு, துரு இரும்பை அரிக்கிற மாதிரி செல்லை அரிக்குது. அதைத் தடுக்கிற மருந்தைத்தான் சோதிக்கிறோம். எலிகள்ல நல்லா வேலை செஞ்சுது."

"துருவா? முன்னாடியே சொல்லியிருந்தா எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சிருப்பேனே," என்றான் தம்பி, வலியில் பல்லைக் கடித்தபடி. ஆய்வில் சேரக் கையெழுத்தும் போட்டான்.

யாருக்கு எது என்ற பட்டியல் அவளுக்கு வந்தது. அவன் எண்ணுக்கு நேரே உப்புநீர். அவன் தன் தம்பி என்று அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் அவனை ஆய்விலிருந்தே நீக்கிவிடுவார்கள்.

"அக்கா, எனக்கு அசலா, டூப்பா?"

"எனக்கு எப்படிடா தெரியும்?"

"உன் மூஞ்சியே சரியில்லையே."

அன்று அவன் பையில் மஞ்சள் மருந்தைக் கலந்தாள். அடுத்த ஆறு நாளும் கலந்தாள். மூன்றாம் நாள் அவனுக்கு மூச்சு இரைத்தது. மருந்து இல்லாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஐந்தாம் நாள் மூச்சுவிடக் குழாய் வைத்தார்கள். ஒன்பதாம் நாள் போய்விட்டான்.

தம்பி மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க உள்ள இருந்ததாலதான் அக்கா, இத்தனை நாளாவது தாங்கினாரு."

இரண்டு மாதம் கழித்து முடிவுகளைப் பிரித்தார்கள். "மருந்து போனவங்கள்லதான் சாவு அதிகம். ஆய்வை நிறுத்துறோம்," என்றார் பெரிய டாக்டர்.

எல்லாரும் கலைந்த பின் அவர் அறைக்குப் போய் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

அவர் பட்டியலை விரித்து, "எந்த எண்?" என்றார். சொன்னாள். அவர் அந்த வரியைப் பேனாவால் அடித்தார். "இவரை இந்தப் பக்கமும் சேர்க்க முடியாது, அந்தப் பக்கமும் சேர்க்க முடியாது. இவர் ஆய்வுலயே இல்ல. நீங்க நாளைலேர்ந்து வர வேண்டாம்."

"சார், நான் மாத்தாம இருந்திருந்தா பிழைச்சிருப்பானா?"

"தெரியாதும்மா."

அங்கிருந்து நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவி உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

"இதை ஏன் என்கிட்ட சொன்னீங்க? உங்க பாரத்தை என் தலையில இறக்கி வைக்கவா?"

இவள் ஒரு துணியை எடுத்து மடிக்கப் போனாள்.

"பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வர நேரம்," என்றாள் தம்பி மனைவி. "அதுக்குள்ள கிளம்புங்க."