நோட்டட், வில் டூ த நீட்ஃபுல்

அவசரமா அடிக்கிறேனுங்க. எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

கொழுந்தியா கல்யாணத்துக்கு மூணு நாள் மடத்துக்குளம் போயிருந்தேன். கிளம்பறதுக்கு முன்னாடி, எங்க எக்ஸ்போர்ட் ஆபீஸ் யூனிக்ஸ் சர்வர்ல, எனக்கு வர்ற மெயிலுக்கெல்லாம் தானா பதில் போற மாதிரி செட் பண்ணி வெச்சேன். யாரையும் கேக்காம நானே பண்ணுன பெருமை வேற.

எங்ககிட்ட டி-ஷர்ட் வாங்குற வெளிநாட்டு பையருக்கு நாங்க எழுதுற எந்த மெயிலும் எப்படித் தொடங்கும்? "நோட்டட். வில் டூ த நீட்ஃபுல்." 'சரிங்க, செஞ்சு தந்துடறோம்'னு அர்த்தம். கைப்பழக்கத்துல அதையே முதல் வரியா அடிச்சுட்டேன். லீவு விவரமெல்லாம் அதுக்குக் கீழ.

இன்னைக்குக் காலைல வந்து பாத்தா பையர் மெயில்: "டி-ஷர்ட் நேவி ப்ளூ வேண்டாம், வெள்ளையா மாத்த முடியுமா?"

என் சர்வர் பதில் சொல்லிருச்சு.

அவர் முதல் வரியோட நிறுத்திட்டார் போல. "உடனே ஒத்துக்கிட்டதுக்கு நன்றி!"

கட்டிங் டேபிள் முழுக்க நேவி ப்ளூ துணி வெட்டிக் கெடக்குது.

அந்நேரம் பாத்து முதலாளி வந்தார். "ஏன் கண்ணு இப்படி வேர்க்குது? ஒடம்புக்கு முடியலீங்களா?"

"இல்லீங்க சார், வெயிலுங்க."

அவர் அந்தப் பக்கம் போனதும், நடந்ததை விளக்கி பையருக்கு மெயில் போட்டேன். அடுத்த நொடியே பதில். போன உசுரு திரும்பி வந்துச்சு. திறந்தேன்.

அவர் ரெண்டு வாரம் லீவாம்.

அதுல 'நோட்டட்'னு ஒரு வார்த்தை இல்லீங்க. விவரமான ஆளு.

முதலாளி மறுபடி இந்தப் பக்கந்தான் வர்றார். என்னன்னு சொல்றது? சீக்கிரம் யாராவது சொல்லுங்க. தானா வர்ற பதில் மட்டும் வேண்டாம்.